தாம்பரத்தில் வீடு வாங்கலாமா? குடியிருந்து பார்த்தவள் போடும் மதிப்பெண்

ஆவணி பிறந்த வாரத்தில் அக்கா மகன் போன் செய்தான். “சித்தி, தாம்பரம் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கலாம்னு இருக்கோம். நெட்ல ரிவ்யூ எல்லாம் பாத்தாச்சு, ஊருக்கு நாலு ஸ்டார் போட்டிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

மிக்ஸிக்கு ஸ்டார் போடுவார்கள், பிரியாணிக் கடைக்குப் போடுவார்கள். ஊருக்கும் போடுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் அனுப்பியதில் நாலைந்தைப் படித்துப் பார்த்தேன். ஒருவர் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போனவர். இன்னொருவர் ஏர்போர்ட்டிலிருந்து மகாபலிபுரம் போகிற வழியில் காருக்குள்ளிருந்து பார்த்தவர் போலிருக்கிறது. நான் 1988இல் கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து இங்கே வந்தவள். முதலில் மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு. 2003இலிருந்து கிழக்கே சேலையூரில் சொந்த வீடு. நடுவில் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. எனக்கு ஸ்டார் போட வராது, மதிப்பெண் போட வரும். நூற்றுக்கு 35 எடுத்தால் பாஸ்.

“எந்தத் தாம்பரம்?” என்று கேட்டேன்.

“தாம்பரம்னா தாம்பரம்தானே சித்தி?”

அங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 2021 நவம்பரில் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கியபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆக மொத்தம் பத்து ஊர். 70 வார்டு, 5 மண்டலம். 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்து, வசந்தகுமாரி கமலக்கண்ணன் என்ற பெண் முதல் மேயராக வந்தார். அப்போது அவருக்கு வயது 25. என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

பத்து வீட்டுச் சாமானை ஒரே வீட்டில் இறக்கினால் எப்படி இருக்கும்? அண்டா நாலு இருக்கும், மூடி ஒன்றுகூடப் பொருந்தாது. அப்படித்தான் இதுவும். பல்லாவரத்துக்குப் பாதாளச் சாக்கடை முன்பே வந்துவிட்டது. மற்ற ஊர்களில் பல தெருக்கள் செப்டிக் டேங்க்கை நம்பித்தான் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் எல்லாம் தாம்பரம் மாநகராட்சி. தரைக்குக் கீழே போனால் ஒவ்வொன்றும் பழைய ஊர்தான். அதனால் தாம்பரத்துக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் போடுவது வகுப்பு முழுவதற்கும் ஒரே மார்க் போடுவது மாதிரி. நான் போட மாட்டேன். பாடவாரியாக, தெருவாரியாக வேண்டுமானால் சொல்கிறேன்.

இந்த ஊரை எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நானும் ஒரு கணக்கெடுப்பாளர். 2010இல் முதல் சுற்று, வீட்டுப்பட்டியல். கூரை என்ன, தரை என்ன, குடிதண்ணீர் எங்கிருந்து, கழிவறை எந்த வகை, சைக்கிள் உண்டா, கம்ப்யூட்டர் உண்டா என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். 2011 பிப்ரவரியில் இரண்டாம் சுற்று, ஆட்களை எண்ணுவது. யார் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது, சட்டம் இருக்கிறது. ஆனால் பொதுவாக ஒன்று சொல்லலாம். பிறந்த இடம் எது என்று ஒரு கேள்வி வரும். அதற்குக் கிடைத்த பதில்களை வைத்து ஒரு தமிழ்நாட்டு மேப் வரைந்திருக்கலாம். திருநெல்வேலி, தூத்துக்குடி, தஞ்சாவூர், விழுப்புரம், சிவகங்கை. நாற்பது வயதைத் தாண்டியவர்களில் இங்கேயே பிறந்தவர் என்று நான் எழுதியது விரல்விட்டு எண்ணும் அளவுதான். இடம்பெயர்ந்த காரணம் என்று அடுத்த கேள்வி. ஆண்கள் எல்லாரும் வேலை என்றார்கள். பெண்கள் எல்லாரும் கல்யாணம் என்றார்கள், வேலைக்குப் போகிற பெண்கள்கூட. எனக்கு என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள், கல்யாணம்தான்.

பிப்ரவரி 28 இரவு, வீடில்லாதவர்களை எண்ணுகிற வேலை. ஸ்டேஷன் வாசலிலும் பாலத்தடியிலும் டார்ச் அடித்து எழுதினோம். தூங்குகிறவரை எழுப்பிப் பெயர் கேட்க மனசு வரவில்லை, ஆனால் கேட்காவிட்டால் அவர் கணக்கிலேயே வர மாட்டார். ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து, “எண்ணி என்னம்மா தருவீங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை. வயது மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அந்தக் கணக்குப்படி பழைய தாம்பரம் நகராட்சியில் 1,74,787 பேர். 2001இல் 1,37,933. பத்து வருடத்தில் நூற்றுக்கு இருபத்தேழு கூடியிருக்கிறது. பல்லாவரம் இன்னும் வேகம், 1,44,623 பேர் 2,15,417 ஆனார்கள், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. தாம்பரத்தில் ஆயிரம் ஆணுக்கு 997 பெண்கள். நாடு முழுவதற்கும் அப்போது 943தான். பத்து ஊரையும் கூட்டினால் சுமார் 7 லட்சத்து 20 ஆயிரம் பேர் வரும். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கை எடுக்கவில்லை. அதனால் மாநகராட்சி பிறந்தபோதே அதன் கையில் இருந்தது பத்து வருடப் பழைய கணக்கு. தண்ணீர் எவ்வளவு வேண்டும், குப்பை வண்டி எத்தனை வேண்டும் என்பதற்கெல்லாம் அடிப்படை அந்த எண்தானே. வளர்கிற பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பில் எடுத்த அளவை வைத்துப் பத்தாம் வகுப்பில் சட்டை தைத்தால் கை எங்கே நிற்கும்?

சரி, ரிவ்யூவுக்கு வருகிறேன்.

ரயிலுக்கு 95. யோசிக்காமல் போடுவேன். 1931இல் சென்னை பீச் ஸ்டேஷன் முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் விட்டார்கள், தென்னிந்தியாவில் அதுதான் முதல். இந்த ஊரை இவ்வளவு பெரிதாக்கியதும் அதுதான். என் வீட்டுக்காரருக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். வேலைக்காலம் முழுக்க சீசன் டிக்கெட்டிலேயே போய்வந்தார். அதே பெட்டி, அதே ஜன்னல், அதே நாலு பேர், ஒரு சீட்டுக்கட்டு. 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் மின்சார வண்டி நின்றுபோனபோது, ஏதோ சொந்தக்காரர் போய்ச் சேர்ந்த மாதிரி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. இப்போதும் தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் 10 ரூபாய்தான். ஒரு டீகூட அந்த விலைக்குக் கிடைப்பதில்லை. 2025 ஏப்ரலில் ஏ.சி. மின்சார ரயிலும் வந்துவிட்டது. அதில் குறைந்த கட்டணமே 35 ரூபாய். ஒரு முறை ஏறிப் பார்த்தேன், நன்றாகக் குளிர்ந்தது. மறுநாள் பழைய வண்டிக்கே திரும்பிவிட்டேன்.

அக்கா மகனின் மனைவிக்குக் கிண்டியில் வேலை. அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். காலையில் செங்கல்பட்டிலிருந்து நிரம்பி வருகிற வண்டியில் ஏறாதே, தாம்பரத்திலிருந்தே புறப்படுகிற வண்டியாகப் பார்த்து ஏறு, உட்கார இடம் கிடைக்கும். இதை நெட்டில் எழுதியவர்கள் யாரும் சொல்லவில்லை.

தெற்கத்திக்காரர்கள் இந்த ஊரில் குவிந்ததற்கும் ரயில்தான் காரணம். எழும்பூர் வரை போகாமல் இங்கேயே இறங்கிவிடலாம், இங்கேயே ஏறலாம். 2023 ஏப்ரலில் தாம்பரம் - செங்கோட்டை வண்டி விட்டார்கள், வாரத்துக்கு மூன்று நாள். திருவாரூர், காரைக்குடி என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டுதான் போகும். ஆனால் எங்கள் அம்பாசமுத்திரத்தில் நிற்கும். வாழ்க்கைப்பட்ட ஊரில் ஏறிப் பிறந்த ஊரில் இறங்குகிறேன், நடுவில் வண்டி மாற வேண்டாம். 95இல் ஐந்து மார்க் அதற்கே போடலாம். மீதி ஐந்தை ஏன் குறைத்தேன் என்றால், தண்டவாளம் ஊரை இரண்டாக வெட்டிவிட்டது. நடந்து போகிறவர்கள் ஸ்டேஷன் பாலத்தில் ஏறி இறங்கலாம். ஸ்கூட்டரில் சேலையூரிலிருந்து மேற்கே இருக்கிற சண்முகம் சாலைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனால், மேம்பாலத்தைச் சுற்றி வருவதற்குள் கத்தரிக்காய் விலை ஏறியிருக்கும்.

பஸ்ஸுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. செங்கல்பட்டுக்கு 500, மாமல்லபுரத்துக்கு 515, பூந்தமல்லிக்கு 66, வேளச்சேரி வழியாகத் தி.நகருக்கு வி51. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, அதனால் நான் குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு தெற்கே போகிற பஸ் எல்லாம் அங்கே போய்விட்டது. வடசென்னைக்காரர்களுக்குத் தொலைவு. எங்களுக்குக் கொல்லைப்புறம். ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூரைத் தாண்ட முயற்சி செய்யாதீர்கள். பட்டாசு அங்கேயே வெடிக்க வேண்டி வரும்.

ஒரு சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். மூன்று ஃப்ளாட் பார்ப்பதாகத் திட்டம். அவன் கையில் பிரின்ட் எடுத்த பிளான், பட்டா, வில்லங்கச் சான்று, சி.எம்.டி.ஏ. என்கிற பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி எண் எல்லாம் இருந்தது. படித்த பிள்ளை, எதையும் விட்டுவைக்கவில்லை. “பேப்பர் எல்லாம் சரி, தண்ணியக் கேட்டியாலே?” என்றேன். “போர் இருக்கு சித்தி, மெட்ரோ வாட்டரும் வருமாம்.” வருமாம். இந்த ‘ஆம்’ இருக்கிறதே, இதை நம்பித்தான் புறநகரில் பாதி வீடு விற்கிறது.

முதல் ஃப்ளாட் முடிச்சூர் ரோட்டுப் பக்கம். புதுப் பெயின்ட் வாசனை. டைல்ஸ் எல்லாம் கண்ணாடி. விற்கிறவர்கள் அனுப்பிய பையன் லிஃப்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் கீழேயே நின்று, பக்கத்து வீட்டுப் பழைய காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து இடுப்பளவு வரை ஒரு நிறம், அதற்குமேல் வேறு நிறம். அந்த வீட்டு மின்சார மீட்டர் பெட்டி, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் உயரத்தில் இருந்தது. காரணமில்லாமல் யாரும் மீட்டரை அவ்வளவு மேலே வைக்க மாட்டார்கள். எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி போடுகிற அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “நல்ல பில்டிங்தாம்மா, மனுசங்களும் நல்லவங்க. புயல்னு டிவில சொன்னா மட்டும் காரை எல்லாம் மெயின் ரோட்டு மேட்டுல கொண்டுபோய் விட்டுருவாங்க” என்றார். எழுத்தில் கேட்டிருந்தால் இதை யார் கொடுப்பார்கள்?

அக்கா மகனுக்கு 2015 வெள்ளம் தெரியாது, அப்போது அவன் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். டிசம்பர் 1ஆம் தேதி பிடித்த மழை மறுநாள் காலை எட்டரை மணி வரையிலான கணக்கில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் சேர்ந்து அடையாறு ஆகிறது. அது ஆறாகத் திரளுகிற இடத்திலேயே முடிச்சூரும் வரதராஜபுரமும் வீடு வீடாக வளர்ந்திருந்தன. ஆற்றின் வழியில் நாம் போய் உட்கார்ந்துகொண்டு, ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது என்றோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாம். நாலாம் வகுப்பு அறையில் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தது. அந்த வீட்டுப் பாட்டி கையில் ஒரு தகர டப்பாவை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். நகை என்று நினைத்தேன். ரேஷன் கார்டும் மகன் கல்யாணப் போட்டோவும் இருந்தன. அதற்கப்புறம் ஆற்றை அகலப்படுத்தினார்கள், கால்வாய்கள் கட்டினார்கள், உண்மைதான். 2023 மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றதும் உண்மைதான். அதற்காக முடிச்சூர் பக்கமே போகாதே என்று சொல்ல மாட்டேன். மேட்டுத் தெருக்கள் இருக்கின்றன, எந்த மழைக்கும் நனையாத வீடுகள் இருக்கின்றன. எந்தத் தெரு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மழைநீர் வடிகாலுக்கு மார்க் என்னவென்றால், தாள் திருத்தி முடிக்கவில்லை. ஒவ்வொரு கார்த்திகையும் ஒரு மறுதேர்வு.

போகிற வழியில் ஒரு விஷயம் சொன்னேன், இருவரும் கவனமாகக் கேட்டார்கள். தாம்பரத்தில் மேற்கே விழுகிற மழை பெரும்பாலும் அடையாற்றுக்குப் போகும். கிழக்கே விழுகிறது ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று எங்கள் பக்கம் ஊருக்கு ஓர் ஏரி. ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும்படி அந்தக் காலத்தில் யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், கால்குலேட்டர் இல்லாமல். நடுவில் நாம் மனை பிரித்துவிட்டோம். அதனால் வீடு பார்க்கும்போது வாசல் கிழக்கா வடக்கா என்று பார்ப்பதற்கு முன்னால், தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார். தெருப் பெயரில் ஏரிக்கரை, தாங்கல் என்று வந்தால் நின்று விசாரி. தாங்கல் என்றாலே நீர்நிலைதான், யாரும் அலங்காரத்துக்கு வைத்த பெயர் இல்லை.

இரண்டாவது ஃப்ளாட் சிட்லபாக்கத்தில். இந்த ஊருக்கு நான் கொஞ்சம் பட்சபாதம் காட்டுவேன், சொல்லிவிடுகிறேன். 2019 வறட்சியில் அந்த ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு காய்ந்த ஏரிக்குள் இறங்கிக் குப்பையையும் கருவேலத்தையும் அள்ளினார்கள். ஐ.டி. கம்பெனிப் பையன்களும் ஓய்வுபெற்ற தாத்தாக்களும் ஒன்றாக. அப்புறம் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கிச் சீரமைத்தது. இப்போது சாயங்காலம் கரையில் நடக்கலாம், நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு ஊரில் குடியேறலாமா என்று கேட்டால் அங்கே தண்ணீர்க்குழாய் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போலவே, சண்டை போடுகிற பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். சிட்லபாக்கத்தில் இருக்கிறார். ஃப்ளாட்தான் சரியில்லை. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் கதவைத் திறக்க முடியாது. விலையோ ஏரியைக் காட்டிக் கேட்டார்கள்.

மூன்றாவது, கிழக்கே இன்னும் தள்ளி. ஊர்ப் பெயரும் வேண்டாம், விற்கிறவர் பெயரும் வேண்டாம். அங்கேதான் அந்த ‘மெட்ரோ வாட்டர் வருமாம்’. தொட்டிக்குப் பக்கத்தில் நீலக் குழாய் ஒன்று அழகாக நின்றது. திருகிப் பார்த்தேன், காற்றுகூட வரவில்லை. “லைன் போட்டாச்சு ஆன்ட்டி, கனெக்‌ஷன் மட்டும்தான் பாக்கி” என்றான் அங்கிருந்த பையன். எத்தனை வருடமாக மட்டும்தான் பாக்கி என்று கேட்டதற்குச் சிரித்தான். வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மாசத்துக்கு லாரித் தண்ணீர் எத்தனை லோடு என்று கேட்டேன். கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றார். “சின்னத்தை, இத எல்லாம் எப்படிக் கேக்கணும்னு உங்களுக்குத் தோணுது?” என்றாள் மருமகள். வீட்டுப்பட்டியல் எடுத்தவளம்மா நான். குடிதண்ணீர் எங்கிருந்து என்பது என் படிவத்தில் இருந்த கேள்வி.

தண்ணீரில் நானே அடிபட்டவள்தான். 2003இல் வீடு கட்டும்போது 80 அடியில் தண்ணீர் கிடைத்தது, நல்ல தண்ணீர், பருப்பு வேகும். கீழே போகப் போகப் பாறை. இந்தப் பக்கத்துக் கல் லேசுப்பட்டதில்லை, பல்லாவரத்துக் கல்லை நிலவியல்காரர்கள் தேடி வந்து பார்த்திருக்கிறார்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற வெள்ளைக்கார நிலவியல்காரர் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்ததும் அதே பல்லாவரத்தில்தான். கற்காலத்திலேயே ஆள் குடியேறிய புறநகர் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாறையில் போர் போடுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். 2019 மே மாதம் எங்கள் போர் வறண்டது. லாரிக்குச் சொல்லிவிட்டு ஆறு நாள் காத்திருந்தோம். ஆறாவது நாள் ராத்திரி பதினொன்றரைக்குப் பெரிய லாரி வந்தது, எங்கள் தெருவில் திரும்ப முடியவில்லை, அப்படியே போய்விட்டது. முன்பணம் திரும்பி வருவதற்குள் மழைக்காலமே வந்துவிட்டது. கடைசியில் 300 அடிக்கு மறுபடி போர் போட்டோம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது.

இப்போது நிலைமை முன்னைவிடத் தேவலை. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது நிலையம், நாளைக்கு 15 கோடி லிட்டர், திறந்திருக்கிறார்கள். தென்சென்னைக்கும் இந்தப் பக்கத்துப் புறநகர்களில் சிலவற்றுக்கும் அதிலிருந்து தண்ணீர். இருந்தாலும் என் மனசுக்குள் 2019 இருக்கிறது. தண்ணீருக்கு 35. கருணை மதிப்பெண் இல்லை, எண்ணித்தான் போட்டேன்.

மற்றதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு நல்ல மார்க். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காரர்களுக்காக இங்கே சானடோரியம் தொடங்கினார். அந்தக் காலத்தில் காசத்துக்கு மருந்தே நல்ல காற்றுதான். இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஜி.எஸ்.டி. என்கிற கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையில் ஒரு பச்சை சிக்னல் விழுகிற நேரம் நின்று மூச்சு விட்டுப் பார்த்தால், அவர் இப்போது வந்திருந்தால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார் என்று தோன்றும். பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம், 2005இல் திறந்தது. என் அக்காவுக்கு முழங்கால் வலி என்றால் செங்கோட்டை வண்டியில் ஏறி வந்துவிடுவாள். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டால் பதினோரு மணிக்குள் எண்ணெய்ப் புட்டியோடு வீட்டுக்கு வரலாம்.

காற்று கெட்டுவிட்டது என்றேன், ஒரு விதிவிலக்கு உண்டு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் நகரத்திலிருந்து இங்கே வந்தது. அதன் 365 ஏக்கரும் கிட்டத்தட்டக் காடு. கேட்டுக்குள் நுழைந்தால் வெயில் இரண்டு டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். புள்ளிமான் பார்க்கலாம். அந்தக் காடும் விமானப்படைத் தளமும் இல்லாவிட்டால் கிழக்குத் தாம்பரம் முழுவதும் இந்நேரம் ‘ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்’ ஃப்ளாட் ஆகியிருக்கும்.

கடைகண்ணிக்கு 80. காய்கறிக்கும் துணிக்கும் சண்முகம் சாலை. வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தை. பழைய டிரங்கு ரோடு நெடுக ரோஜாச் செடி, புறா, பழைய மின்விசிறி, யாரோ கழற்றிப்போட்ட கதவு எல்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெரியாதவர்கள் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகவும். கோயிலுக்குத் திருநீர்மலை. நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று பெருமாள் நாலு கோலத்தில் இருக்கிற ஊர். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் வடியும்வரை காத்திருந்தார் என்பார்கள். இந்த ஊரில் தண்ணீர் நிற்பது புதிய பிரச்சினை இல்லை என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்.

வரி விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. சொத்துவரியை ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு. போனிலேயே கட்டலாம். வீடு வாங்கினால் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு அப்புறம் கிரகப்பிரவேசப் பத்திரிகை அடி.

மூன்று ஃப்ளாட்டும் பார்த்து வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடும்போது, “அப்ப வாங்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க சித்தி” என்றான். ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் நான் ஏன் நாள் முழுக்க இவர்களோடு வெயிலில் அலைந்தேன்? வாங்கலாம். ஆனால் இப்போதே அட்வான்ஸ் கொடுக்காதே என்றேன். எந்தத் தெரு பிடித்திருக்கிறதோ அந்தத் தெருவிலேயே வாடகைக்கு வா. ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகை, ஒரு சித்திரை இருந்து பார். வாடகை வீண் என்று நினைக்காதே, அது பரீட்சைக் கட்டணம்.

அவன் சொன்ன பேச்சுக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் முதல் மாடியில் ஒரு வீடு பிடித்து ஆயுத பூஜைக்கு முன்னால் குடிவந்துவிட்டார்கள். அவள் தாம்பரத்திலேயே கிளம்புகிற வண்டியில் ஏறிக் கிண்டிக்குப் போகிறாள், உட்கார்ந்துகொண்டு. அவன்தான் சோழிங்கநல்லூர் போய்வர மேடவாக்கம் சாலையில் தினமும் புலம்புகிறான். அந்தச் சாலைக்கு அவனே மார்க் போடட்டும், எனக்குப் பழக்கமில்லை.

போன வாரம் விடிய விடிய மழை. ஐந்தேகாலுக்குப் போன் அடித்தது, பயந்துபோய் எடுத்தேன்.

“சித்தி, பால்கனில நிக்கேன். தண்ணி ஓடுது.”

“எந்தப் பக்கம்லே ஓடுது?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. குடையை விரிக்கிற சத்தமும் படி இறங்குகிற சத்தமும் கேட்டன.

“நம்ம வீட்டத் தாண்டி ஏரிப் பக்கமாத்தான் போகுது சித்தி. பக்கத்துத் தெருவுலதான் நிக்குது.”

“எந்த வீட்டு முன்னாடின்னு பாத்து எழுதி வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு அடுப்பில் பாலை வைக்கப் போனேன்.